துரைக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை

என் மகன் ஒரு வயது முடிவதற்கு முன்பே ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிக்குச் சிப்பாயாகிவிட்டான். அந்த அதிகாரி செத்து அப்போதே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செத்தவனுக்கு எதற்குச் சிப்பாய் என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் கேக்கப்படாது" என்று வாயை அடைத்துவிட்டார் என் அண்ணி. அண்ணி என்றால் என் புருஷனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருப்பவர். என் மகனை என்னைவிட அதிகம் தூக்கி வளர்த்தவர்.

பிள்ளைக்குப் பல் முளைக்கிற பருவத்தில் காய்ச்சலும் வலிப்பும் வந்து ரங்கூன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பலகையில் யாங்கோன் என்று எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். நான் அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தேன். அப்போதுதான் அண்ணி மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் அந்த அதிகாரியின் கல்லறைக்கு, எங்கள் வாயில் துரை கல்லுக்கு, போய்ச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து வைத்து, "தொரையே, இந்தப் புள்ள ஒன் ஆளு. ஒன் பட்டாளத்துல சேத்துக்க. உசுர மட்டும் குடுத்துரு" என்று நேர்ந்துவிட்டார். அந்த வாரமே காய்ச்சல் விட்டது. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்ததும் அதே வாரம்தான். ஆனால் மருந்துக்கு யார் தேங்காய் உடைக்கிறார்கள்?

என் பிள்ளையை என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று நான் கத்தினேன். "குடுத்தாத்தானே மீக்க முடியும்?" என்றார் அண்ணி. அவர் கணக்கு அப்படி. தமிழ்நாட்டுப் பக்கம், தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ரயில்வே வேலைக்கென்று கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் அதைக் கொஞ்சம் திருத்தி, பிள்ளையைத் துரைக்குச் சிப்பாயாகக் கொடுத்துவிடுவார்கள். அரைஞாணில் ஒரு சிவப்புத் துணிப் பட்டியைக் கட்டிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் விறைப்பாக நின்று சலாம் வைக்க வேண்டும். "யாரு ஆளு?" என்று கேட்டால் "தொர ஆளு" என்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் தவிடு கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பூசைக்குத் தனியாகப் பூசாரி கிடையாது. என் புருஷன் வீட்டின் முன்னோர் ஒருவர் அந்தத் துரையின் படைக்குத் தண்ணீர் சுமந்தவராம். துரை செத்தபோது குழி வெட்டினவரும் அவர்தானாம். அதனால் முதல் சுருட்டைப் பற்றவைக்கும் உரிமை அந்த வீட்டுக்கு. மற்றவர்களுக்குத் தாத்தா வயல் வைத்துவிட்டுப் போவார், தோப்பு வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு இது.

கல் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய ரயில்வே வீடுகளுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். எண்ணெயும் மஞ்சளும் பூசிப் பூசிக் கறுத்துப் போயிருக்கும். இங்கிலீஷில் பேர், படைப்பிரிவு, அவர் போன போர்கள், கடைசியில் கடவுளின் அமைதியில் உறங்குகிறார் என்று ஒரு வரி. பேரை எண்ணெய் மூடிவிட்டது, நானும் அதைச் சொல்லப்போவதில்லை. அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

நாடு திறந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிந்த அந்தச் சில வருஷங்களில் நான் சுற்றுலா வழிகாட்டியாக இருந்தேன். ஒரு நாள் கம்பெனியிலிருந்து, ஒரு வெள்ளைக்காரர் தன் முன்னோர் ஒருவரின் கல்லறையைத் தேடுகிறார், ரயில் பாதைப் பக்கம் என்று மட்டும்தான் தெரியுமாம், உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். படைப்பிரிவின் பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சாமிக்குச் சொந்தக்காரர் வந்திருக்கிறார்.

உயரமான, மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். துரையின் அண்ணன் வழியில் வந்தவர். நகரத்தின் நடுவே லத்தாவில் அவர் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து மிங்கலா தாங்ஞுன்ட்டுக்குப் போவதற்குள் கார் நெரிசலில் மாட்டிக்கொண்டது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அந்த இடைவெளியில் துரையின் வாழ்க்கை முழுவதையும் அவர் எனக்குச் சொன்னார். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டும் யாருக்கும் தெரியாத கதை.

ஜமீன் போல ஒரு குடும்பம். மூத்தவனுக்கு நிலம், இரண்டாமவனுக்கு மாதா கோயில் உத்தியோகம், மூன்றாமவனுக்குப் பட்டாளம். அந்தக் காலத்தில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். மீசை முளைப்பதற்குள் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். முதல் பத்து வருஷம் சண்டையே இல்லை. பாசறை பாசறையாக மாறி, குதிரையேறி, சீட்டாடி, கடன்பட்டு, சலித்துப் போய்க் கிடந்தாராம். சண்டை வந்தால்தான் பதவி உயரும். அதனால் எங்கேயாவது சண்டை வராதா என்று தினமும் பத்திரிகையைப் பார்ப்பாராம். பெண் கேட்டு வருவார்களா என்று நாங்கள் வாசலைப் பார்ப்போமே, அது மாதிரி.

பிறகு ஆப்கன் மலைக்குப் போனார். பனியில் இரண்டு கால்விரல்கள் போயின. ஒரு பள்ளத்தாக்கில் யாரோ ஒளிந்திருந்து சுட்டார்கள் என்பதற்காக அங்கிருந்த பழத்தோட்டத்தை மரம் மரமாக வெட்டச் சொன்னாராம். அப்புறம் எகிப்துப் பாலைவனம், ஒரு பதக்கம், கண்ணில் ஒரு வியாதி. மதராஸ் படைக்கு மாறினார். முப்பத்தைந்து தாண்டியும் கேப்டன்தான். கடைசியாகத்தான் இங்கே. ஐராவதி ஆற்றில் கப்பல் கப்பலாக மேலே போனார்கள். பர்மா ராஜாவைப் பிடித்து மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அது சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது என்றார் அந்த மனிதர்.

அந்த வேலையை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். துரை ஒரு சின்னப் படையோடு ஊர் ஊராகப் போவார். ஊர்த் தலைவனைக் கூப்பிட்டு, இத்தனை ஆள் வேண்டும், மூட்டை தூக்க, வழி காட்ட என்பார். வெள்ளைக்காரர்களை எதிர்த்துவிட்டு ஒளிந்திருப்பவர்களையும் காட்டிக்கொடுக்கச் சொல்வார். ஆள் வராவிட்டால் ஊருக்கு நெருப்பு. வந்தாலும் சில சமயம் நெருப்புத்தான், பக்கத்து ஊருக்குப் பாடமாக. இரண்டு கோடைக்காலம் இதே வேலை. பிறகு விஷக் காய்ச்சல் பிடித்து, ஆற்றோடு கீழே கொண்டுவந்து, ரங்கூனில் செத்தார். குண்டு படவில்லை, கத்தி படவில்லை. மேஜர் பதவி அடுத்த கப்பலில் வந்து சேர்ந்ததாம்.

"எங்கள் வீட்டில் அவரை வீரர் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். எரித்ததெல்லாம் நான் பெரியவனாகிப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டேன்" என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

கல்லுக்கு முன்னால் அண்ணி மாலையோடும் அவித்த முட்டையோடும் ஒரு குவாட்டர் ரம்மோடும் காத்திருந்தார். அந்த மனிதர் திகைத்துப் போனார். இவர்கள் ஏன் அவரைக் கும்பிடுகிறார்கள், அவர் நல்லவர் இல்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்றார் என்னிடம். நானும் காரில் கேட்ட கதையை ஒன்றும் விடாமல் தமிழில் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி வெற்றிலைக் காவியோடு சிரித்தார்.

"நல்லவருன்னா பேசாம மோட்சத்துக்குப் போயிருப்பாரு. நாம கூப்புட்ட கொரலுக்கு ஏன் வரப்போறாரு? காவலுக்குக் கடிக்கிற நாய்தான்மா வேணும்."

அதை நான் இங்கிலீஷில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அண்ணியின் காலைத் தொடப் பார்த்தார், அண்ணி பதறி நகர்ந்துகொண்டார். துரையின் ரத்தம் தன் காலைத் தொட்டால் என்ன ஆவது என்று வீட்டுக்கு வந்தும் புலம்பிக்கொண்டிருந்தார்.

என் மகனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். கால்விரல் இல்லாத துரை எப்படி அணிவகுத்து நடப்பார் என்று நொண்டி நடித்துக் காட்டுவான். சிவப்புப் பட்டியை அதற்கு முன்பே அவிழ்த்து எறிந்துவிட்டான், கால்பந்து ஆடும்போது பையன்கள் கேலி செய்கிறார்களாம். படிப்பு முடிந்ததும் லத்தாவில் ஒரு சீனருடைய மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். போன் உறை, சார்ஜர், இந்த மாதிரிச் சாமான்கள். தினமும் எங்கள் வீடிருக்கும் தாகேதாவிலிருந்து பாலம் தாண்டிப் பஸ்ஸில் போய் வருவான். வரும்போது ஏதாவது தின்பதற்கு வாங்கி வருவான். கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, மீட்பதற்கும் நாளிருக்கிறது என்று இருந்தோம்.

அதற்குள் கொரோனா நோய் வந்தது. நோய்க்குப் பின்னால் பட்டாளம் ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போனார்கள், என் வேலையும் போயிற்று. மாடிப்படிக்குக் கீழே காலையில் இட்லியும் சாம்பாரும் விற்க ஆரம்பித்தேன். இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் வந்த அன்றைக்குத்தான் நான் இட்லிக் கடை போடவில்லை.

அப்போது அவனுக்கு இருபத்து மூன்று. எங்கள் தெருவில் சாயங்காலம் பிரம்புப்பந்து ஆடுகிற சத்தம் நின்றுபோனது. பஸ்ஸிலிருந்து இளவட்டங்களை இறக்கிக்கொண்டு போனார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பேச்சு. சீனர் நல்லவர், வீட்டிலேயே இரு, நிலைமை சரியானதும் வா என்று சொல்லிவிட்டார். இவன் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்தான். பால்கனிக்கு வந்தால் நான் உள்ளே இழுத்தேன். எனக்கிருந்த பயம் ஒன்றுதான்: இவனை அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு எது போனாலும் போகட்டும். அண்ணி விளக்கேற்றி வேண்டினதும், என் புருஷன் பஸ் பட்டறையில் வெல்டிங் தீப்பொறிக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்ததும் இதையேதான்.

கீழ்வீட்டுப் பர்மியப் பெண்ணின் மகன் ஏற்கெனவே எல்லை தாண்டி தாய்லாந்து போய்விட்டிருந்தான். அவள்தான் எங்களுக்கும் வழி சொன்னாள். ஒரு கார், நாலு பையன்கள், நெளிவுசுளிவு தெரிந்த ஒரு டிரைவர். சனிக்கிழமை விடியற்காலை கிளம்ப வேண்டும். நான் அவனுக்கு இரண்டு பேன்ட், ஒரு போர்வை, ஊறுகாய் எல்லாம் ஒரு சின்னப் பையில் கட்டி வைத்தேன். என் புருஷனுக்கு மனசில்லை. வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, அங்கே பிடித்தால் நேராகப் பட்டாளம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னதில் பொய்யும் இல்லை. இருந்தால் ஒரு ஆபத்து, போனால் ஒரு ஆபத்து.

அண்ணிதான் அந்த வார்த்தையைச் சொன்னார். "மீக்காத புள்ளய எல்லை தாண்ட விட்டா, பட்டாளத்த விட்டு ஓடிப்போனவன் கணக்கால்ல ஆவும்? தொர சும்மா விடுவாரா? மொதல்ல மீட்டுருவோம். வெள்ளிக்கெழம நல்ல நாளு."

வேறு சமயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். தலைக்கு மேல் வெள்ளம் போகிறபோது சாண் என்ன, முழம் என்ன? சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு பேரும் ஒரு டாக்ஸியில் பசுண்டவுங் ஓடையைத் தாண்டிப் போனோம். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, தலையில் என் துப்பட்டாவைப் போட்டு, காய்ச்சல்காரன் மாதிரி சாய்த்துக்கொண்டோம். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. துப்பட்டாவுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிக்காதேடா பாவி என்று தொடையில் கிள்ளினேன்.

வேப்பமரத்தடியில் சேறு. அண்ணி முறத்தில் தவிட்டைக் கொட்டிக் கல்லுக்கு முன்னால் வைத்தார். அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்த அந்தச் சிவப்புப் பட்டியை அவன் இடுப்பில் கட்டி, உடனே அறுத்தார். "யாரு ஆளு?" என்று கேட்டார். "எங்கம்மா ஆளு" என்று சொல்ல வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். அவன் சொன்னான். என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

அது முடிந்தால் போதாது. துரை சம்மதிக்க வேண்டும். பற்றவைத்த சுருட்டைக் கல்லின் உச்சியில் வைப்பார்கள். அணையாமல் அடிவரை எரிந்தால் துரை ஆளை விட்டுவிட்டார் என்று அர்த்தம். நடுவில் அணைந்தால் விடவில்லை, அடுத்த வருஷம்தான் திரும்பக் கேட்கலாம். அதனால் யாரும் மழைக்காலத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். எங்கள் ஊர்ச் சுருட்டு வெயிலிலேயே நாலு தடவை அணையும், வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தால்தான் கங்கு நிற்கும்.

என் மகன் குடையைப் பிடித்தான். நாங்கள் மூன்று பேரும் மழையில் நின்றோம். ஒரு ரயில் மெதுவாக ஆடிக்கொண்டே போயிற்று. ஜன்னலில் ஒரு கீரை வியாபாரிப் பெண் எங்களை வெறித்துப் பார்த்தாள். சுருட்டு எரிந்தது. பாதியில் கங்கு மங்கியபோது என் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. கங்கு மறுபடி சிவந்தது. கடைசியில் வாயில் வைக்கும் முனையில் சுற்றியிருந்த சோளத்தோல் வரை கருகி, சாம்பல் முழு நீளத்துக்கு அப்படியே கல்லின் மேல் கிடந்தது.

நான் படித்தவள், துரையின் கதையைத் தெரிந்தவள், இதையெல்லாம் கேலி பேசினவள். அந்தச் சாம்பலைப் பார்த்ததும் சேற்றில் முழங்காலிட்டுக் கும்பிட்டேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் பர்மியத்தில் சொன்னான், துரையே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாரே, இனி எந்தப் பட்டாளம் என்னைத் தொடும், நான் எங்கேயும் போகவில்லை என்று. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் அவன் அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "புள்ள சொல்றது சரிதான். விடுதல கெடச்சப்பறம் எதுக்குச் சாவடி சாவடியா உசுரக் குடுக்கணும்? இங்கேயே இருக்கட்டும்." அண்ணி தலையாட்டினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவன் வீட்டில் இருக்க வேண்டும். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு போட வேண்டும், மறுநாள் காலையிலும் போட வேண்டும். கட்டி வைத்திருந்த பையை அவிழ்த்து ஊறுகாயை அடுக்களையில் வைத்தேன்.

சனிக்கிழமை கார் போனது. என் மகன் இடத்தில் வேறொரு தெருவிலிருந்து ஒரு பையன் போனான். அந்தப் பையன் இப்போது தாய்லாந்தில் ஒரு கோழித் தொழிற்சாலையில் இருக்கிறான். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு படம் அனுப்பியதைக் கீழ்வீட்டுப் பெண் எனக்குக் காட்டினாள். நல்லாயிருக்கட்டும் என்றேன். அந்தப் படத்தை இன்னொரு தடவை என்னிடம் காட்டாதே என்றும் சொன்னேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வட்டார அலுவலகத்தில் குலுக்கல் வைத்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் வாளி ஒன்று, அதில் சுருட்டிய சீட்டுகள். எல்லாப் பெற்றோரும் வர வேண்டும் என்று உத்தரவு. நான் பயமில்லாமல் போனேன், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சுருட்டு அடிவரை எரிந்ததே என்ற தைரியம். என் மகன் பேரை வாசித்தபோது வேறு யாரோ என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவள் என் தோளைத் தொட்டாள்.

வட்டாரத் தலைவர் எங்கள் தெருக்காரர்தான், என்னிடம் இட்லி வாங்குகிறவர். வெளியே வந்து, "ஆன்ட்டி, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? மேலேயிருந்து இத்தனை ஆள் வேணும்னு கேக்கறாங்க. பையன் ஓடிப்போனா அப்பாவைத்தான் கொண்டுபோவாங்க. நான் சொல்லலை, அவங்க சொல்றது" என்றார் பர்மியத்தில். குரலில் மரியாதை குறையவே இல்லை. இத்தனை ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இன்னது நடக்கும். இதே பேச்சை நான் இங்கிலீஷில் கேட்டிருக்கிறேன், ஏசி போட்ட காரில் உட்கார்ந்து. அன்று அது கதையாக இருந்தது.

அப்பாவைக் கொண்டுபோவார்கள் என்று கேட்டதும் அவன் ஒளியவில்லை. ஒளிய இடம் பார்த்துவிட்டேன் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பல் துலக்கி. லாரி கிளம்பும் வரை அவன் அப்பா அதன் பின்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஒரு சிப்பாய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அவனுக்கும் என் மகன் வயதுதான் இருக்கும்.

அண்ணி ஒரு வாரம் விளக்கேற்றவில்லை. பிறகு ஒரு நாள் தனியாகக் கல்லுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பால் அடித்துவிட்டு வந்தாரோ என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அடுக்களையில் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"தொர மேல குத்தமில்ல புள்ள. நாம என்னா கேட்டோம்? விட்டுருன்னு கேட்டோம். விட்டுட்டாரு. இத்தன வருஷம் அவன் தொர ஆளு. இன்னொரு பட்டாளம் கிட்ட வர முடியல. நாமளே போயி மீட்டு, காவலில்லாத புள்ளயா தெருவுல நிறுத்திட்டோம். எடுத்துக்கிட்டானுங்க."

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், குலுக்கலுக்கும் சுருட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை. அந்தச் சுருட்டு மழையில் அணைந்திருந்தால் அவன் சனிக்கிழமை காரில் போயிருப்பான். அது மட்டும் நிச்சயம். அண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார், பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று. அவன் செத்துவிடவில்லையே, ஏன் இந்தச் சொல் என்று அவர் வாயைப் பொத்தினேன். எனக்குத் துரை மேல் கோபம், அண்ணி மேல் கோபம், அந்த வாளியின் மேல், என் மேல். ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? காலையில் எழுந்து மாவைக் கரைத்து இட்லி ஊற்றத்தான் வேண்டியிருந்தது. வட்டாரத் தலைவர் வந்தால் அவருக்கும் கட்டிக் கொடுத்தேன்.

பயிற்சி முடிந்து வடக்கே எங்கேயோ அனுப்பினார்கள். எங்கே என்று சொல்லக் கூடாதாம். மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. மழை முடிந்தது, குளிர் முடிந்தது, வெயில் வந்தது. சண்டை நடக்கிற இடங்களின் பேர் காதில் விழும்போதெல்லாம் என் புருஷன் அதை மெல்லச் சொல்லிப் பார்ப்பார். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, உயிரோடு இருக்கிறானா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்பார். எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கை போயிருந்தாலும் சரி, கால் போயிருந்தாலும் சரி, நான் தூக்கிச் சுமக்கிறேன் என்று எல்லாச் சாமியிடமும் சொன்னேன். புத்தர் பகோடாவுக்கும் போனேன், மாரியம்மனிடமும் போனேன். துரை கல் பக்கம் மட்டும் போகவில்லை.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் புருஷன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எடுத்தேன். முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"அம்மா."

எனக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அவன் பேசுவது பர்மியம்தான். தமிழில் பேசு என்று அண்ணி எத்தனையோ தடவை அதட்டியும், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவான். சுற்றியிருப்பவர்களுக்குப் புரியக் கூடாதென்றுதான் இப்போது அவன் தமிழில் பேசுகிறான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னான்.

"அம்மா, நான் நல்லாருக்கேன். அடி இல்ல. காயம் இல்ல."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, நாங்க ஊர்ல நெருப்பு போட்டோம். நெறய வூடு."

"நீயுமாப்பா?"

"நானும். போடச் சொன்னாங்க. போட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "ஒரு வூட்ல ஆளு இருந்துச்சும்மா. எனக்குத் தெரியாதும்மா. கதவு மூடி இருந்துச்சு. சத்தம் வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. அம்மா. சத்தம் வந்துச்சும்மா."

நான் அவன் பேரைச் சொன்னேன். தூரத்தில் யாரோ பர்மியத்தில் அதட்டினார்கள். சரி சார் என்று பர்மியத்தில் பதில் சொன்னான். அந்தக் குரல் கணீரென்று இருந்தது. போன் நின்றுவிட்டது.

அண்ணி முறத்தைக் கீழே வைத்திருந்தார். என் புருஷன் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அவன்தானா? உசுரோட இருக்கானா?"

"இருக்கான்" என்றேன். "காயம் ஒண்ணும் இல்லியாம்."

என் புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சந்தோஷத்தில் அழ ஆரம்பித்தார்.